அஃப்ரீனின் விடைத்தாள்

தஹ்மீனா திருவாரூரில் ஒரு கல்லூரியில் ஆங்கில ஆசிரியை. காதலில் தோற்றவன் அடுத்த தலைமுறையைப் பழிவாங்கும் பழைய ஆங்கில நாவல் ஒன்றைப் பதினெட்டு வருடமாக நடத்துகிறாள். "அவனெல்லாம் ஒரு மனுஷனா?" என்று வருடம் தவறாமல் மேசையைத் தட்டிக் கேட்பாள்.

இந்த வருடம் அவள் வகுப்பில் அஃப்ரீன் சேர்ந்திருந்தாள். தஹ்மீனாவோடு நிக்காஹ் நிச்சயமான பிறகு துபாய்க்குப் போய், வேறொருத்தியைக் கட்டிக்கொண்ட கூத்தாநல்லூர் மீரா உசேனின் மகள். அப்படியே அவன் கண்கள்.

இன்று அஃப்ரீன் விடைத்தாளோடு தஹ்மீனாவின் முன் வந்து நின்றாள்.

"நல்லாத்தான் எழுதியிருக்கேன் மிஸ். ஃபெயில் போட்டிருக்கீங்க."

"மறுபடி பார்க்கிறேன். வீட்டுல சொல்லிட்டியா?" தஹ்மீனா தாளை வாங்கிக் கவிழ்த்து வைத்தாள்.

"சொன்னேன் மிஸ். உங்க பேரைக் கேட்டதும் வாப்பா தாளையே பார்க்கலை. 'அது எனக்குப் போட்ட மார்க்கும்மா'ன்னாங்க."