கட்டிலில் ஏற்றி வைத்த பை

தாளடி நடவுக்கு நாற்றுப் பறித்துக்கொண்டிருந்த வாரத்தில் என் வீட்டுக்காரர் வரப்பில் வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார். தஞ்சாவூரில் ஆபரேஷன் நடந்தது. அசையக் கூடாது என்பதால் மூத்திரத்துக்கு டியூப் போட்டு, அது வந்து விழ ஒரு பையைக் கட்டில் சட்டத்தில் தாழ்வாக மாட்டியிருந்தார்கள்.

எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், நம்பர் படிக்கத் தெரியும். பையில் உள்ள கோட்டைப் பார்த்து அளவு சொல்லும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். பை இடுப்புக்குக் கீழேதான் தொங்க வேண்டும், தரையில் படக் கூடாது, தொடுவதற்கு முன்னும் பின்னும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும் என்று நர்ஸ் முதல் நாளே சொன்னாள். சின்னப் பெண். இருபது ஆள் இறக்கி நடவு பார்த்தவளுக்கு ஒரு பையைப் பார்த்துக்கொள்ளத் தெரியாதா என்று நினைத்துக்கொண்டே தலையாட்டினேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் வலங்கைமானிலிருந்து சம்பந்தி வீட்டார் வந்தார்கள். மகளைக் கொடுத்த வீடு. அவர்கள் முன்னால் நாங்கள் ஒரு நாளும் ஒரு சொல்லுக்கு இடம் வைத்ததில்லை. வார்டு வாசலில் சம்பந்தியம்மாவின் பட்டுக்கரை தெரிந்ததும் பையைத் தூக்கி இவர் வயிற்றோரம் வைத்துப் போர்வையை இழுத்து மூடினேன்.

அவர்கள் சாத்துக்குடியைக் கொடுத்துவிட்டு, ஆற்றில் தண்ணீர் வந்ததையும் உரம் கிடைக்காததையும் பேசிக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் போன பிறகு எனக்குப் பையின் நினைப்பே இல்லை. நர்ஸ்தான் வந்து போர்வையை விலக்கினாள்.

"யம்மா, இத யாரு மேல தூக்கி வெச்சது?"

"அவரு பொரண்டப்ப வந்திருக்கும்" என்றேன்.

இடுப்பு முறிந்தவர் எப்படிப் புரளுவார்? அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். காட்டிக்கொடுக்கவில்லை. நர்ஸ் பையைக் கீழே மாட்டிவிட்டுப் போனாள்.

அதற்கு இரண்டாம் நாள் அவருக்கு நடுக்கம் வந்தது. இரண்டு கம்பளி போட்டும் கட்டில் ஆடியது. உடம்பு கொதித்தது. கேட்டதற்குப் பதில் வேறெதையோ சொன்னார். டாக்டர்கள் ஆபரேஷன் செய்த இடத்தைப் பிரித்துப் பார்த்தார்கள், நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார்கள். பையில் மூத்திரம் கலங்கலாக இருந்தது. அடைமழையில் பெரிய வடிகால் நிரம்பிவிட்டால், நாம் வடித்த தண்ணீரே எதிர்த்துக்கொண்டு வயலுக்குள் ஏறும். நட்ட பயிர் அதில் அழுகும். எத்தனையோ ஐப்பசியில் அதைப் பார்த்து அழுதவள் நான். பையை மேலே ஏற்றி அதையே இவர் உடம்புக்குள் செய்துவிட்டேனே. அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் சம்பந்தியிடம் காட்டிய கௌரவத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வேன்?

எழுந்து போய் நர்ஸின் மேசைக்கு முன்னால் நின்றேன்.

"சிஸ்டர், அன்னைக்கு அவரு பொரளல. நான்தான் பையத் தூக்கி வெச்சேன். சம்பந்தி வந்தாங்க, வெக்கமா இருந்துச்சு."

திட்டுவாள் என்று நினைத்தேன். "அதனாலதான்னு அடிச்சு சொல்ல முடியாதும்மா. டியூப் உள்ள இருக்கற ஒவ்வொரு நாளும் பயம்தான். ஆனா சொன்னது நல்லதாப் போச்சு" என்று எழுந்து டாக்டரைக் கூப்பிடப் போனாள். மூத்திரத்தைச் சோதனைக்கு எடுத்தார்கள், மருந்து ஏற்றினார்கள். மறுநாளுக்கு மறுநாள் சூடு தணிந்து, என்னைப் பார்த்துக் காப்பி கேட்டார்.

இனி டியூப் வேண்டாம் என்று டாக்டர் எடுக்கச் சொன்னார். சாயங்காலத்துக்குள் மூத்திரம் தானாகப் போக வேண்டும், இல்லையென்றால் திரும்பப் போட வேண்டியிருக்கும் என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போனாள். கையைக் கழுவிக்கொண்டு யூரின் கேனோடு பக்கத்தில் நின்றேன். மணி மூன்றாயிற்று. நாலாயிற்று. ஒரு சொட்டு இல்லை.

"நீ மடையப் பாக்கற மாதிரி பாத்துக்கிட்டு நின்னா எப்படிடி வரும்? அந்தாண்ட திரும்பு."

திரும்பினேன். வாசலில் சம்பந்தியம்மா, கையில் தூக்குவாளியோடு. எனக்கு ஒரு கணம் கை போர்வைக்குப் போனது. பிறகு வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரியே சொன்னேன்.

"செத்த அங்கயே நில்லுங்க சம்பந்தி. இவரு ஒண்ணுக்குப் போகணும்."

அந்த அம்மா அப்படியே நின்றார். எனக்குப் பின்னால், கேனுக்குள் முதலில் ஒரு சொட்டு விழுந்தது. பிறகு நின்று நின்று, அப்புறம் நிற்காமல்.