கழுவிக் கழுவிக் கெடுத்த தண்ணீர்

ஒரு சனிக்கிழமை காலை கப்டன் தண்ணீரின் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. பசி என்று நினைத்தேன். முப்பத்தொரு வருடம் தாதியாக வேலை பார்த்தவள், மூச்சுத் திணறலைப் பசி என்று நினைத்தேன். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிட்டால் மிச்சத்தை எழுதுவது சுலபம்.

கப்டன் ஒரு தங்கமீன். உள்ளங்கை அளவு, செம்மஞ்சள் நிறம், உடம்பைவிடப் பெரிய வால். ஓர்ஸ் ஹில்லில் எங்கள் வீட்டு முன்னறையில், இரண்டடி நீளக் கண்ணாடித் தொட்டியில் தனியாக வாழ்கிறது. பெயர் வைத்தவர் என் கணவர் சேவியர். துறைமுகத்தில் இழுவைப் படகொன்றில் இயந்திரம் பார்த்தவர். "ஒரு வேலையும் செய்யாமல் அங்கையும் இஞ்சையும் பாத்துக்கொண்டு திரியிறதெண்டால் அது கப்டன்தான்" என்று காரணமும் சொன்னார்.

அவருக்குப் பக்கவாதம் (மூளைக்குப் போகும் இரத்தக் குழாய் அடைபட்டு உடலின் ஒரு பக்கம் செயலிழப்பது) வந்து அப்போது எட்டு மாதம். பேச்சுக்குப் பாதிப்பில்லை. கால் மெல்ல மெல்லத் திரும்பியது. வலது கை மட்டும் வரவில்லை. விரல்களை அசைக்க ஏலாது என்பது ஒன்று, அவற்றில் உணர்வும் இல்லை என்பது மற்றொன்று. இயன்மருத்துவர் (உடற்பயிற்சியால் சிகிச்சை தருபவர்) அவரைக் கண்ணை மூடச் சொல்லி, விரல் நுனிகளைப் பஞ்சால் தொடுவார். தொடுவது தெரிந்தால் "இப்ப" என்று சொல்ல வேண்டும். இடது கையில் தொட்டதும் "இப்ப" என்பார். வலது கையில் பஞ்சு ஐந்து விரலையும் சுற்றி வந்துவிடும், மனிதர் வாயைத் திறக்கமாட்டார்.

பயிற்சிக்குக் கோர்க்கும் மணிகள், உடுப்புக் கவ்விகள், ஒரு ரப்பர் பந்து எல்லாம் தந்தார்கள். "நான் என்ன நேசரிப் பிள்ளையே?" என்று பந்தை எறிந்தார். அது இன்னும் அலுமாரிக்குக் கீழேதான் கிடக்கிறது. எத்தனையோ நோயாளிகளை அதட்டி எழுப்பி நடக்க வைத்தவள் நான். சொந்தப் புருஷனிடம் என் அதட்டல் எடுபடவில்லை.

பொழுதுபோக்காக இருக்கட்டும் என்றுதான் மீன் வாங்கினேன். ஒரு நாள் குசினியில் சமைத்துக்கொண்டே எட்டிப் பார்க்கிறேன், இவர் வலது கையை மேசையில் வைத்து, மீன் தீனில் மிளகளவு மணியொன்றைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே பிடிக்கப் பாடுபடுகிறார். கண்ணாடிக்குப் பின்னால் கப்டன் காத்திருக்கிறது. நான் மூச்சுக்கூட விடவில்லை. இயன்மருத்துவரிடம் சொன்னேன். "விடாதேங்கோ. இனி அந்தக் கையாலதான் சாப்பாடு போடவேணும்" என்றார். அன்றிலிருந்து மூன்று வேளையும் தீன். முதலில் பத்துத் தீன் மணியில் ஒன்பது நிலத்தில் விழுந்தது. ஆறாவது கிழமை (வாரம்) பத்தும் தண்ணீரில் விழுந்தது. நான் மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தினேன்.

தொட்டியின் பொறுப்பு என்னுடையது. நான் கடைசிப் பன்னிரண்டு வருடமும் சத்திரசிகிச்சைக் கூடத்தில் இருந்தவள். அங்கே வெள்ளிக்கிழமை என்றால் பெரிய கழுவல். அந்தப் பழக்கம் ஓய்வூதியத்தோடு வீட்டுக்கு வந்துவிட்டது. வெள்ளிதோறும் கப்டனை வாளியில் விட்டு, தண்ணீர் முழுவதையும் ஊற்றி, கல்லைத் தேய்த்து, வடிகட்டியின் பஞ்சைப் பிளீச்சிங் பவுடரில் ஊறவைத்து அலசி, குழாய்த் தண்ணீரால் நிரப்புவேன். கண்ணாடி மினுங்கும். வந்தவர்கள், "மிஸ்ஸி, தண்ணி இருக்கிறதே தெரியேல்லை" என்பார்கள். எங்கள் பக்கம் தாதியை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவது. பிலோ என்று பெயர் சொல்லிக் கூப்பிடுவது சேவியர் மட்டும். எனக்குப் பெருமை பிடிபடாது.

கப்டன் வாயைத் திறந்தது ஒரு கழுவலுக்கு மறுநாள். அதைத்தான் நான் கவனிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அது அடியில் போய்க் கிடந்தது. செட்டைகள் உடம்போடு ஒட்டியிருந்தன. வாலில் மெல்லிய சிவப்புக் கோடுகள், ஓரத்தில் பிய்ந்த வெள்ளை. தொற்று என்று தீர்மானித்தேன். வீட்டில் மிஞ்சியிருந்த நுண்ணுயிர்க்கொல்லி (கிருமிகளைக் கொல்லும் மருந்து) குளிசையை எடுத்து வைத்தேன். அளவு மட்டும் தெரியாது. திங்கள் காலை மீன் வாங்கிய கடைக்கு அழைப்பெடுத்தேன். கடைக்காரர் நௌபர் கிண்ணியா ஆள். நாற்பது வயதிருக்கும்.

"மிஸ்ஸி, மீனையும் கொண்டு வர வேணாம், மருந்தையும் போட வேணாம். ஒரு போத்தல்ல தொட்டித் தண்ணி கொண்டு வாங்க" என்றார்.

நோயாளியை விட்டுவிட்டு இரத்தத்தை மட்டும் பரிசோதிப்பது போல என்று முணுமுணுத்துக்கொண்டு ஓட்டோவில் போனேன். நௌபர் என் தண்ணீரைச் சிறு கண்ணாடிக் குழாயில் ஊற்றி, இரண்டு மருந்துப் போத்தல்களிலிருந்து எட்டு எட்டுச் சொட்டு விட்டார். தண்ணீர் நல்லது என்றால் மஞ்சளாக நிற்குமாம். ஐந்து நிமிடத்தில் என்னுடையது கரும்பச்சையானது.

"அமோனியா" என்றார். (மீனின் கழிவும் மிஞ்சிய தீனும் அழுகும்போது தண்ணீரில் சேரும் நஞ்சு. கண்ணுக்குத் தெரியாது. மீனின் செவுளைச் சுடும்.) "தொட்டியை எப்பிடிக் கழுவுறீங்க?"

ஒன்று விடாமல் சொன்னேன், பெருமையாகத்தான். நௌபர் தலையில் கை வைத்தார்.

"அல்லாஹ்வே! தொட்டியை ஆசுபத்திரியாக்கி வெச்சிரிக்கீங்களே! அந்தப் பஞ்சில இரிக்கிற கிருமிதான் மிஸ்ஸி நஞ்சைத் தின்னுற கிருமி. கிழமைக்கு ஒருக்கா அதுகளைக் கொன்டுபோட்டு, மீன் ஏன் சாகுதெண்டு கேட்டா?"

முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. எவ்வளவு தீன் போடுவது என்று அடுத்துக் கேட்டார். ஒரு வேளைக்குப் பத்துப் பன்னிரண்டு, மூன்று வேளை என்றேன்.

"ஒரு மீனுக்கா? அது ஒரு குடும்பத்துச் சாப்பாடு."

கை தேறத் தேறத் தண்ணீரில் விழும் தீன் கூடியது. கப்டன் தின்றது போக மிச்சம் கல்லுக்குள் இறங்கி அழுகியது. அதைத் தின்ன வேண்டிய நல்ல கிருமிகளை நான் வெள்ளிதோறும் கொன்றேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை.

நௌபர் தன் பழைய தொட்டியொன்றின் பஞ்சைப் பாதியாக வெட்டித் தந்தார். மண்ணிறம், வழுவழுப்பு, ஒரு வாடை. "இந்த ஊத்தையையே என்ர தொட்டிக்குள்ள வைக்கச் சொல்லுறீங்கள்?" என்றேன். "ஓம் மிஸ்ஸி. பத்திரம், காயவும் விடாதீங்க, கழுவவும் கழுவாதீங்க" என்றார். அதைத் தண்ணீர்ப் பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு வீடு வந்தேன். ஓட்டோக்காரர் இரண்டு தரம் திரும்பிப் பார்த்தார்.

வீட்டில் நடந்ததைச் சேவியரிடம் சொன்னேன். இங்கேதான் இரண்டாவது பிழை விட்டேன். தீன் கூடிப்போன கதையைச் சொன்னேன், பிளீச்சிங் பவுடர் கதையை விழுங்கிவிட்டேன். வெட்கம்.

அவர் தொட்டியைத் திரும்பிப் பார்த்தார். "என்ர கை பழகுறதுக்கு அது சாகவேணுமே?" என்றார். பிறகு இடது கையால் வலது கையைத் தூக்கி மடியில் வைத்தார்.

மூன்று நாள் மீனுக்குப் பட்டினி என்பது நௌபரின் கட்டளை. அந்த மூன்று நாளும் சேவியரின் கையும் மடியைவிட்டு எழும்பவில்லை. மூன்றாம் நாள் அவருக்கு உடுப்பு மாற்றும்போது பார்த்தேன், விரல்கள் உள்ளே மடங்கத் தொடங்கியிருந்தன. தசை இறுக்கம் (அசையாத தசை சுருங்கி விறைப்பது). இப்படியே விட்டால் கை கல்லாகிவிடும். எத்தனை பேரில் கண்டிருக்கிறேன். அந்த நேரம் எனக்கு வந்தது கவலையில்லை, கோபம். தொட்டியில் ஒன்று, கதிரையில் ஒன்று. இரண்டில் ஒன்றையும் விடமாட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

அவருக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தேன்.

"இஞ்ச பாருங்கோ, உங்கட தீன் மட்டும் இல்லை. நான் வெள்ளிக்கிழமையில பிளீச்சிங் பவுடர் போட்டுத் தொட்டியில இருந்த நல்ல கிருமியெல்லாத்தையும் கொன்டிட்டன். நௌபர் கடையில வைச்சு என்னைக் கிழி கிழியெண்டு கிழிச்சவர். சொல்ல வெக்கமாக் கிடந்தது."

"உம்மையோ?"

"ஓம், என்னைத்தான்."

"சத்திரசிகிச்சைக் கூடத்து மிஸ்ஸியையோ?" அவர் தோள் குலுங்கியது. அழுகிறாராக்கும் என்று பயந்துவிட்டேன். சிரிக்கிறார். "அப்ப ரெண்டு பேரும் சேந்துதான் நஞ்சு குடுத்திருக்கிறம் அவனுக்கு."

"சேந்துதான் எழுப்பவேணும். கையைத் தாங்கோ" என்றேன்.

வைத்தியம் பெரிதாக ஒன்றுமில்லை. குழாய்த் தண்ணீரை வாளியில் பிடித்து ஒரு நாள் திறந்து வைத்தால் எங்கள் குழாயின் குளோரின் போய்விடும் என்று நௌபர் சொன்னார். அந்தத் தண்ணீரால் தினமும் தொட்டியில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் மாற்றுவது. ஊத்தைப் பஞ்சை வடிகட்டியில் வைப்பது. காற்று மோட்டாரை நிறுத்தாமல் ஓடவிடுவது. பட்டினிக்குப் பிறகு நாளுக்கு ஒரு வேளை, ஐந்தே ஐந்து தீன் மணி. கையின் பயிற்சிக்கு வேறு வழி செய்தோம். ஒரு பீரிஸில் (தேநீர்க் கோப்பை வைக்கும் சிறு தட்டு) முப்பது தீன் மணி, பக்கத்தில் இன்னொரு வெறும் பீரிஸ். ஒவ்வொன்றாக அங்கேயிருந்து இங்கே. தண்ணீருக்குக் கடைசி ஐந்து மட்டும்.

நௌபரிடம் வாங்கி வந்த சொட்டுப் போத்தல்களால் தண்ணீர்ப் பரிசோதனையை முதல் நாள் நான் செய்தேன். இரண்டாம் நாள் சேவியர், "தாரும்" என்றார். சொட்டுப் போத்தலை அளவாக அமத்துவது சுகமான கையுள்ளவனுக்கே வில்லங்கம். அவர் அமத்தினார், அரைப் போத்தல் குழாயில் போய்விட்டது. "பரவாயில்லை, நாளைக்குப் பாப்பம்" என்றேன். நான் அப்படிச் சொல்லுகிற ஆளில்லை. ஒன்பதாம் நாள் அவர் விட்டது சரியாக எட்டுச் சொட்டு. தண்ணீர் அப்போதும் பச்சைதான், ஆனால் இளம் பச்சை.

கப்டன் பத்து நாளில் அடியிலிருந்து எழும்பியது. பிறகு செட்டை விரித்தது. தேறிவிட்டது என்று நிம்மதிப்படும்போது, நான்காவது கிழமை, வயிற்றிலும் வாலடியிலும் கறுப்பு விழுந்தது. நாளுக்கு நாள் பரவியது. ஒரு தாதிக்குக் கறுப்பு என்றால் ஒரே அர்த்தம், தசை செத்துவிட்டது. கால் விரல் கறுத்து, பாதம் கறுத்து, ஆளையே கொண்டுபோன வழி எனக்குத் தெரியும். சேவியருக்குத் தெரியாமல் குசினிக்குள் போய் நௌபருக்கு அழைப்பெடுத்தேன்.

"நீந்துதா? சாப்பிடுதா?"

"ஓம், ரெண்டும்."

"அப்ப என்னத்துக்குப் பயப்படுறீங்க? நஞ்சு சுட்ட புண் ஆறுது மிஸ்ஸி. ஆறுற எடம் கறுக்கும். மறுகாத் தானாப் போயிரும். நீங்க ஒண்டும் செய்யாம இரிந்தாக் காணும்."

ஒன்றும் செய்யாமல் இருப்பது. எனக்கு யாரும் தராத கடினமான வேலை அது. வெள்ளிக்கிழமைகளில் கை அரிக்கும். கண்ணாடியில் பச்சைப் பாசி படிந்திருக்கும், கல்லில் மண்ணிறம் ஏறியிருக்கும். பிளீச்சிங் பவுடர் டப்பாவைத் தூக்கி அலுமாரியின் மேல் தட்டில் வைத்தேன். முன்பு மினுங்கிய தண்ணீரில் மீன் செத்துக்கொண்டிருந்தது, இப்போது மங்கலான தண்ணீரில் நீந்துகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஆறாவது கிழமை பரிசோதனைக் குழாயில் மஞ்சள் நின்றது. சேவியர் அதை யன்னல் வெளிச்சத்தில் பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிடித்திருந்தது வலது கையால். இரண்டு பேரும் அதைக் கவனிக்கக் கொஞ்ச நேரம் எடுத்தது.

உங்கள் வீட்டு மீன் மேலே வந்து வாயைத் திறந்தால், தயவுசெய்து மருந்தைத் தேடி ஓடாதீர்கள். முதலில் தண்ணீரைப் பாருங்கள். பிறகு, மனம் நோகாது என்றால், உங்கள் கைகளையும் பாருங்கள். நான் அன்பாகச் செய்ததுதான் அதற்கு விஷமானது. தேறுவதும் நாள் கணக்கில் நடக்காது. ஆசுபத்திரி வாட்டில் நான் காய்ச்சலை மணிக்கணக்கில் எழுதினேன், இப்போது கிழமைகளில் எண்ணுகிறேன். கப்டனின் கறுப்பு முழுதாகப் போக இரண்டு மாதம் பிடித்தது. வால் திரும்ப வளர்ந்தது, முந்திய நீளம் இல்லை. சேவியரின் கையும் அப்படித்தான்.

போன வெள்ளிக்கிழமை பஞ்சை அலசும் முறை. இப்போது இரண்டு மூன்று கிழமைக்கு ஒரு தடவைதான், அதுவும் தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரில், இரண்டே இரண்டு பிழியல். பிழிவது அவர். பந்தை எறிந்த அதே கை. எனக்குப் பத்து விநாடி வேலை, அவருக்குப் பத்து நிமிடம். வாளிக்குள் மண்ணிறத் தண்ணீர் இறங்கியது. பஞ்சில் இன்னும் ஊத்தை தெரிந்தது. என்னையறியாமல் கை நீண்டுவிட்டது.

"பிலோ, கையை எடும்! காணும்" என்றார். எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

பிறகு தீன். முப்பது மணியும் பீரிஸ் மாறியது. நான்கு தண்ணீருக்குள் போனது. ஐந்தாவதை அவர் போடவில்லை. மணியைப் பிடித்தபடி இரண்டு விரலையும் தண்ணீருக்குள் இறக்கிவிட்டு அசையாமல் இருந்தார். கப்டன் தூரத்தில் நின்று பார்த்தது. ஒரு வட்டம் சுற்றிக் கிட்ட வந்தது. திரும்பிப் போனது. நான் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவருடைய முகத்தைப் பார்த்தபோது கண்கள் மூடியிருந்தன.

கப்டன் மறுபடி வந்தது. விரல் நுனியில் வாயை வைத்தது.

"இப்ப" என்றார் சேவியர்.