மூன்றாம் தண்ணீர்

எங்கள் தேயிலைத் தோட்ட லயத்தின் வரிசை வீடுகளில் ஒரு காம்பராவுக்கும் அடுத்த காம்பராவுக்கும் நடுவில் இருக்கும் சுவர் கூரை வரை போகாது. மேலே ஒரு முழத்துக்கு இடைவெளி விட்டிருப்பார்கள். பக்கத்து வீட்டுக் கருவாட்டு வாசனையும் சண்டையும் டிவி நாடகமும் அந்த வழியாகத்தான் எங்கள் வீட்டுக்குள் வரும். கொரோனா வந்து, பதினெட்டு நாள் பதுளையில் ஆஸ்பத்திரியில் கிடந்து, நான் உயிரோடு திரும்பிய அன்று அந்த இடைவெளியை இரண்டு பக்கமும் உரச் சாக்கு வைத்து அடைத்திருந்தார்கள். என் மூச்சு அந்தப் பக்கம் போய்விடக்கூடாதாம்.

அதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்புதான் வந்தது. சிரித்தால் இருமல் வரும், இருமினால் இரண்டு பக்கமும் கதவு சாத்துகிற சத்தம் கேட்கும் என்பது அடுத்த நிமிடமே தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு தலையணையில் முகத்தைப் புதைத்துத்தான் இருமினேன்.

எனக்கு அப்போது ஏழு மாதக் கைக்குழந்தை இருந்தாள். ஆம்புலன்ஸ் வந்து என்னை ஏற்றிய நாளில் குழந்தையை வாங்கிக்கொண்டு மேல் லயத்துக்குப் போனவர் என் நாத்தனார், வீட்டுக்காரரின் அக்கா. வீட்டுக்காரர் கொழும்பில் ஒரு புடவைக் கடையில் வேலை. பாதையெல்லாம் மூடியிருந்ததால் அவரால் வர முடியவில்லை. ஃபோனில் அழ மட்டும் முடிந்தது.

ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்துக்கொண்ட நர்ஸ் மிஸ்ஸி சிங்களப் பெண். எழுந்து உட்கார முடிந்த நாளிலிருந்து மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை பாலைப் பீய்ச்சச் சொல்லிக்கொண்டே இருந்தாள். டிக்கட் வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போதும் தனக்குத் தெரிந்த தமிழில் அதையே சொன்னாள்.

"பேபிக்கு பால் குடுங்க. மாஸ்க் போட்டு குடுங்க. பயம் இல்ல. விட்டா பால் நிக்கும்."

வீட்டுக்கு வந்து பையை வைத்துவிட்டு நேராக மேல் லயத்துக்கு ஏறினேன். நாற்பது படி. முன்பெல்லாம் கொழுந்துக் கூடையோடு ஓடி ஏறுகிறவள், அன்று ஐந்து தடவை உட்கார்ந்து எழுந்து போனேன். நாத்தனார் என்னைக் கண்டதும் குழந்தையை உள்ளே தொட்டிலில் போட்டுவிட்டு வந்து வாசலை மறித்து நின்றார்.

"அண்ணி, புள்ளைய குடுங்க."

"ஒம் புள்ளைய நான் வெச்சுக்கவா போறேன்? ஒனக்கு நல்லாகட்டும், குடுக்கிறேன்."

"நல்லாயிருச்சு அண்ணி. டிக்கட் வெட்டி அனுப்பிட்டாங்க. இந்தாங்க கடுதாசி, பாருங்க."

"அதுல சிங்களத்துல என்னமோ இருக்கு, எனக்கென்னா தெரியும்? அம்மைன்னா மூணு தண்ணி ஊத்துனா முடிஞ்சிருச்சுன்னு தெரியும். இது எப்ப முடியுதுன்னு யாரு சொல்றது?"

அவர் கெட்டவர் இல்லை. இதை எழுதும்போதும் அவர்மேல் எனக்குக் கோபம் வருகிறது, ஆனாலும் அவர் கெட்டவர் இல்லை. குழந்தையைத் தன் பிள்ளைகளைவிட ஒரு படி மேலாகத்தான் பார்த்துக்கொண்டார். கீழே இருந்து பார்த்தால் அவர் வீட்டுக் கொடி தெரியும். குழந்தையின் மஞ்சள் சட்டையும் துணிகளும் பளிச்சென்று அலசிக் காயும். அதைப் பார்த்துத்தான் என் பிள்ளை நன்றாக இருக்கிறாள் என்று தெரிந்துகொண்டேன்.

இரண்டாம் நாள் சுகாதாரப் பரிசோதகர், பி.எச்.ஐ. ஐயா வந்தார். எல்லோரும் தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி, என்னைக் காட்டி, இந்தப் பிள்ளைக்குக் குணமாகிவிட்டது, யாரும் பயப்பட வேண்டாம் என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். அவர் மோட்டார் சைக்கிள் வளைவைத் தாண்டியதும் அவர் நின்ற இடத்தில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவினார்கள்.

மேல் லயத்தில் குழந்தை அழுதால் எங்கள் வீட்டுக்கு நன்றாகக் கேட்கும். அவள் அழ ஆரம்பித்த நொடியில் எனக்கு மார்பு குறுகுறுத்துப் பால் தானாகக் கசிந்து சட்டை நனையும். அங்கே அவளுக்குப் போத்தலில் பால்மா கரைத்துக் கொடுப்பார்கள். இங்கே நான் கோப்பையில் பீய்ச்சுவேன். அதைக் கண்ட இடத்தில் ஊற்றக்கூடாது, எறும்பு தின்றால் பால் வற்றும் என்பார்கள். பின்பக்கம் யார் காலும் படாத ஒரு தேயிலை மரத்தின் தூரில் ஊற்றி, மேலே தண்ணீரும் ஊற்றிவிட்டு வருவேன். ஆரம்பத்தில் ஒவ்வொரு தடவையும் முக்கால் கோப்பை இருந்தது.

நான்காம் நாள் எனக்கு ஒரு யோசனை வந்தது. என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய முட்டாள்தனம் அதுதான். ஓ.எல். வரை படித்தவள், கொரோனா துண்டுப்பிரசுரம் வந்தபோது லயத்துக்கே உரக்க வாசித்துக் காட்டியவள், கோயில் பூசாரியைத் தேடிப் போனேன். அவர் பகலில் தேயிலை ஸ்டோரில் வேலை செய்கிறவர். வேலை முடிந்து வரும் பாதையில் தள்ளி நின்று கூப்பிட்டேன்.

"மாமா, எனக்கு மூணு தண்ணி ஊத்திவிடுங்க."

"இது அம்மை இல்லியே தாயி. எப்புடி ஊத்துறது?"

"அம்மைன்னே வெச்சுக்கங்க. ஊத்துனா புள்ளைய குடுத்துருவாங்க."

அவர் கோயில் பக்கம் திரும்பி ஒரு கும்பிடு போட்டார். பிறகு, "சரி, ஆத்தா பேரச் சொல்லி ஊத்துவோம்" என்றார். எனக்கு அவர் காலில் விழலாம் போல இருந்தது. நாளைக்கு ஒன்று, நாளை மறுநாள் ஒன்று என்று என் மனம் அதற்குள் கணக்குப் போட்டுவிட்டது. அவர் இரண்டடி போய்த் திரும்பி நின்றார்.

"அம்மைன்னு சொல்லிட்ட. மூணாந் தண்ணி வரைக்கும் புள்ளைய தொடக்கூடாது. உப்பு, எண்ணெய், தாளிப்பு ஒண்ணும் ஆகாது. வேப்பில வந்ததும் ஊத்துவோம்."

எங்கள் நமுனுகுல மலைக் குளிருக்கு வேம்பு வளராது. கீழே வெல்லவாயப் பக்கமிருந்து மரக்கறி லொறியில்தான் வர வேண்டும். லொறிதான் ஓடவில்லையே. நானே கேட்டு வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்ட கயிறு அது.

ஒன்றைச் சொல்ல வேண்டும். அம்மை என்று பேர் வைத்த அன்றிலிருந்து லயமே மாறிவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவர்கள் என் வாசலைக் கடக்கும்போது கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பக்கத்து வீட்டு அக்கா உப்பில்லாத கஞ்சியை வாசலில் வைத்து, "ஆத்தா, குளிர்ந்து போ" என்று கும்பிட்டுவிட்டுப் போனார். கொரோனாக்காரியாக இருந்தபோது நான் அசிங்கம், இப்போது நான் தெய்வம். இரண்டிலும் யாரும் கிட்டே வரவில்லை. அந்தக் கஞ்சியை அவர் முதுகில் வீசலாம் போல இருந்தது. பசி, குடித்தேன்.

ஒரு வாரம் வேப்பிலைக்குக் காத்திருந்தேன். கஞ்சியும் வெறுஞ்சோறும் தின்கிற உடம்பில் பால் எங்கிருந்து வரும்? முக்கால் கோப்பை அரையானது, அரை கால் ஆனது. வீட்டுக்காரரிடம் ஃபோனில் கத்தினேன். "அக்கா சொல்றத கொஞ்சம் கேளு, எல்லாம் புள்ளைக்குத்தான்" என்றார். அதற்குப் பிறகு இரண்டு நாள் அவர் அழைப்பை நான் எடுக்கவில்லை.

ஏன் நாற்பது படியும் ஏறிப் போய்ப் பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு வரவில்லை என்று இப்போது கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். நானும் கேட்டுக்கொள்கிறேன். மிஸ்ஸி சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. ஆனால் ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் இருந்தவளின் விரல் நகங்கள் நீலமானதைப் பார்த்தவள் நான். அவளும் முந்தின நாள் என்னோடு சிரித்துப் பேசியவள்தான். அந்த நீலம் என் பிள்ளையின் நகத்தில் வந்தால்? ஊர் சாக்கு வைத்து அடைத்தது என்று திட்டுகிறேன், என் நெஞ்சுக்குள்ளும் ஒரு சாக்கு இருந்தது. யாராவது வந்து, முடிந்துவிட்டது, இனித் தொடலாம் என்று சொல்லிவிட மாட்டார்களா என்று நானும்தான் காத்துக்கிடந்தேன்.

ஒருவழியாக வேப்பிலை வந்தது. வெயில் வரவில்லை. மஞ்சளும் வேப்பிலையும் போட்ட தண்ணீர் வெயிலில்தான் சுட வேண்டும், அடுப்பில் வைக்கக்கூடாது. மூன்று நாள் மலை முழுக்க மிஸ்ட் மூடிக் கிடந்தது. நான்காம் நாள் பகலில் கொஞ்சம் வெளுத்தபோது முதல் தண்ணீர் ஊற்றினார்கள். அதிலிருந்து மூன்றாம் நாள் இரண்டாவது.

அதற்கு அடுத்த நாள் மேல் லயத்தில் குழந்தை அழுதாள். நான் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். கையை அப்படியே நிறுத்தி, சட்டை நனையட்டும் என்று காத்திருந்தேன். அவள் அழுது ஓய்ந்துவிட்டாள். சட்டை காய்ந்தே இருந்தது. உள்ளே போய்க் கோப்பையை எடுத்து அழுத்தினேன், வலிக்க வலிக்க அழுத்தினேன். அடியை நனைக்கவும் காணாது. அன்று நான் அழுததைச் சாக்கையும் தாண்டி எல்லோரும் கேட்டிருப்பார்கள்.

மூன்றாம் தண்ணீர் ஊற்றியதும் பூசாரி திருநீறு பூசி, "முடிஞ்சிருச்சு" என்றார். அவ்வளவுதான். டாக்டரும் பி.எச்.ஐ. ஐயாவும் ஆஸ்பத்திரியில் சிங்களத்தில் எழுதிக் கொடுத்த கடிதமும் செய்யாததை ஒரு குடம் மஞ்சள் தண்ணீர் செய்தது. பக்கத்து வீட்டு அண்ணன் ஏணி வைத்து ஏறிச் சாக்குகளை இழுத்துப் போட்டார். பெண்கள் உள்ளே வந்து பாயில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "எளச்சிட்டியே" என்றார்கள்.

நாத்தனார் குழந்தையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். அவருக்கும் கண் நிறைந்திருந்தது. குழந்தை கனத்திருந்தாள். கீழே ஒரு பல் முளைத்திருந்தது, நான் பார்க்காத பல். என் முகத்தை உற்றுப் பார்த்தாள். சேலையை விலக்கி அவளை அணைத்தேன். பழக்கம் மறக்கவில்லை, பற்றிக்கொண்டாள். நான்கைந்து தடவை இழுத்தாள். விட்டாள். மறுபடி பற்றி இழுத்தாள். பிறகு வாயை எடுத்துவிட்டு என்னைப் பார்த்து ஓவென்று அழுதாள்.

நாத்தனார் தன் பையைத் திறந்தார். பால்மா கரைத்த போத்தலைக் கையோடு கொண்டுவந்திருந்தார். அதைப் புடவைத் தலைப்பால் துடைத்து என்னிடம் நீட்டினார்.

வாங்கிக் கொடுத்தேன். உடனே அழுகை நின்றது. என் மடியில் கிடந்தபடியே, கண்ணை நாத்தனார் முகத்தில் வைத்துக்கொண்டு, முழுப் போத்தலையும் குடித்து முடித்தாள்.