பெரிய கிராணி அளந்த கிணறு

தோட்டத்து ஆபீசின் முன்னால் புல்தரையில் நட்டிருந்த செம்புக் குழாய் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. மேலே புனல், உள்ளே ஒரு போத்தல். அதில் விழுந்த மழையைத் தினமும் காலையில் பெரிய கிராணி அளப்பார். தோட்டத்துக் கணக்கெல்லாம் அவர் பொறுப்பில்தான் இருந்தது. ஜப்பான்காரன் வருகிறான் என்றதும் வெள்ளைக்காரத் துரை ஓடிப்போனார். அளக்கச் சொல்ல ஆளில்லை. ஆனாலும் கிராணி அளப்பதை விடவில்லை. செர்டாங் பக்கத்து ரப்பர் தோட்டம் அது. எனக்குப் பத்து வயதிருக்கும்.

ஒருநாள் லாரியில் வந்த ஜப்பான் சிப்பாய்களுக்கு அந்தக் குழாய்மேல் சந்தேகம். எதிரி விமானத்துக்கு வானிலை சொல்லும் கருவி என்று நினைத்தார்கள் போலும். கிராணியின் கன்னத்தில் அறைந்து, குழாயைப் பிடுங்கி லாரியில் எறிந்தார்கள். கீழே விழுந்த மூக்குக்கண்ணாடியை எடுத்துத் துடைத்து மாட்டிக்கொண்டு அவர் ஆபீசுக்குள் போனார். மறுநாள் விடிந்தபோது, நாங்கள் குடியிருந்த லயத்துக் கிணற்றடியில் நின்றார். கையில் முடிச்சுப் போட்ட கயிறு, நுனியில் ஒரு கல். முதல் வாளி இறங்கும் முன் கயிற்றை விட்டு ஆழம் பார்ப்பார். பெண்கள் இறைத்து முடித்த பின் மறுபடியும் பார்ப்பார். இரவில் எவ்வளவு ஊறுகிறது என்று அப்படித்தான் அவருக்குத் தெரிந்தது.

ஓராண்டுக்கு மேல் இப்படியே போனது. இதற்கிடையில் சயாம் ரயில் போட அப்பாவைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அவர் திரும்பவே இல்லை. அரிசி அரிதாகி, அம்மாவும் மற்றப் பெண்களும் மரவள்ளி நட்டு வயிறு கழுவினார்கள். அந்தத் தையில் கிராணி எல்லோரையும் கூட்டி, கிணற்றுத் தண்ணீர் இனி குடிக்கவும் சமைக்கவும் மட்டும்தான், குளிக்கவும் துவைக்கவும் தோட்டத்து எல்லையில் ஓடும் சிற்றாறான சுங்கைக்குப் போக வேண்டும் என்றார். நல்ல தூரம். அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"கெணத்துல தண்ணி கெடக்கு ஐயா. இருக்கிறதத் தொடக்கூடாதுன்னா என்ன நியாயம்? தை மாசி வருசா வருசம் காயத்தானே செய்யுது?"

"காயும்மா, அது வழக்கம். ஆனா ஐப்பசி மழையில ஊறி நெறஞ்ச பூமிதான் வழக்கமா காயும். இந்தத் தடவ நெறையவே இல்லையே. போன தைக்கு இப்ப ஒரு ஆள் ஒயரம் தண்ணி கொறச்சல். வெள்ளம்னா வரும்போதே தெரியும். வறட்சி வந்து குந்துன பெறகுதான் தெரியும்."

"கிராணி வீட்டுக்கு யாராச்சும் தூக்கியாந்து ஊத்துவாங்க, நமக்குத்தான் நட" என்று அம்மா வழியெல்லாம் முணுமுணுத்தாள். மறுநாள் சுங்கைக்குப் போனால், எங்களுக்கு முன்பே கிராணியின் மனைவி முழங்கால் தண்ணீரில் நின்று துணி அலசிக்கொண்டிருந்தார். கரையில் கிராணி பிழிந்து கொடுத்துக்கொண்டிருந்தார். அதன் பிறகு அம்மா அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

மாசி முடிந்தும் மழை இல்லை. மரவள்ளி இலைகள் சுருண்டன. சுங்கை வெறும் மணலானது. பக்கத்துத் தோட்டத்தில் கிணறு வற்றிப்போய், ஒரு காலையில் அந்தப் பெண்கள் பானைகளோடு எங்கள் கிணற்றடிக்கு வந்து நின்றார்கள். இப்போது வாளியைப் பிடித்துக்கொண்டு மறித்தவள் அம்மாதான்.

"எங்க பிள்ளைங்களுக்கே பத்தாது."

கிராணி கயிற்றை இறக்கி, நிதானமாக இழுத்துப் பார்த்தார்.

"குடுக்கலாம்மா. ராத்திரி ஊறுறதுல நமக்குப் போக, அவங்களுக்கும் வீட்டுக்கு ஒரு பானை வரும். சித்திர மழ வரைக்கும் தாங்கும். அளக்காம இருந்தா நானும் பயந்துக்கிட்டு இல்லைன்னுதான் சொல்லியிருப்பேன்."

அம்மா அவரைப் பார்த்தாள், வந்தவர்களைப் பார்த்தாள். பிறகு வாளியைக் கிணற்றுக்குள் விட்டாள்.

அவர் சொன்ன சித்திரைக்கு முன்பே, பங்குனிக் கடைசியில் மழை வந்துவிட்டது. அதுவரை கிணறு தாங்கியது. இப்போது ஜித்ராவில் மகன் வீட்டில் இருக்கிறேன். வெயில் நீண்டால் தொலைக்காட்சியில் அணையின் நீர்மட்டம் சொல்கிறார்கள். மழை, மண்ணின் ஈரம், ஆற்று நீர் எல்லாவற்றையும் தனித்தனியே அளந்து, வழக்கத்தைவிட எவ்வளவு குறைவு என்று பார்க்கிறார்களாம். கேட்கும்போதெல்லாம் பெரிய கிராணியை நினைத்துக்கொள்வேன். அளப்பதெல்லாம் பூட்டி வைக்கத்தான் என்று அன்றுவரை நாங்கள் எண்ணியிருந்தோம். அந்தக் காலையில் கடைசிப் பானையும் நிறைந்து, அதை இடுப்பில் ஏற்றிய பெண்ணிடம் அம்மா மெதுவாகச் சொன்னாள்:

"நாளைக்கும் வாங்கக்கா."