பின்னல் மிஷினுக்குக் கஞ்சி காய்ச்சிய நாள்

2024 நவம்பர் 21, வியாழக்கிழமை. பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டில் அன்றைய பொழுதும் மற்ற நாட்களைப் போலத்தான் தொடங்கியது. ஐந்தரைக்கு எழுந்தேன். வாசல் தெளித்துக் கோலம் போட்டு, குழாயில் தண்ணீர் பிடித்து வைத்து, இட்லி ஊற்றினேன். என் வீட்டுக்காரர் ஏழு மணிக்குத் தறியில் உட்கார்ந்தார். என் ஓரகத்தி, அதாவது கொழுந்தனின் மனைவி, தன் மகளுக்குத் தலை பின்னி, வீசிங் மருந்தை இழுக்க வைத்து, பள்ளிக்கு அனுப்பினாள். அதன் பிறகு நாங்கள் இருவரும் பின்கட்டில் மேஜைமேல் இருந்த அந்தப் பாழாய்ப்போன மிஷினின் முன் போய் நின்றோம்.

அது வீட்டில் வைத்து ஸ்வெட்டர், குல்லா பின்னும் கை மிஷின். பழையது. வாலாஜாபாத்தில் ஓர் அம்மாவிடம் வாங்கியது. அவர் முன்பு குன்னூரில் இருந்தவர். அங்கே இதில்தான் ஸ்வெட்டர் பின்னி விற்றிருக்கிறார். ஒரு ஆள் நீளத்துக்கு ஓர் இரும்புப் பலகை, அதில் சீப்புப் பல் போல வரிசையாக ஊசிகள். ஒவ்வொரு ஊசியின் நுனியிலும் கொக்கி. கொக்கியைத் திறந்து மூட ஒரு குட்டி நாக்கு. இஸ்திரிப் பெட்டி மாதிரி ஒரு பாகத்தை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் தள்ளினால் ஒரு வரிசை பின்னல் விழும். அதற்கு நாங்கள் வண்டி என்று பெயர் வைத்துக்கொண்டோம். கூட வந்த புத்தகத்தில் எங்களுக்குப் புரிந்தது படங்கள் மட்டும்தான். வண்டி தள்ளுவதைப் போனில் ஒரு வீடியோவில் பார்த்திருந்தோம்.

இந்த மிஷின் ஏன் வந்தது என்று சொல்லிவிடுகிறேன். கொழுந்தன் லாரி ஓட்டுகிறார். அவர் வருமானம் மட்டும் போதாமல், ஓரகத்தியும் வேலைக்குப் போயே ஆகவேண்டிய நிலை. ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை இருந்தது, ஆனால் இரவு ஷிப்ட். கம்பெனி வேன் தெருமுனைக்கே வந்து ஏற்றிக்கொள்ளும், வேலைக்கு ஆள் சேர்ப்பதும் அந்த வேன்காரர்தான். அவள் மகளுக்கு மூச்சுத் திணறல் வருவதோ பெரும்பாலும் இரவில்தான். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று நானும் சொன்னேன். அந்தப் பெண் மூச்சு வாங்கும்போது அம்மாவின் தோளைத் தவிர வேறு யார் தோளிலும் சாயாது. அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

அப்போதுதான் பிரசவ ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் குழந்தைத் துணி விற்கும் கடைக்காரம்மா, பச்சைக் குழந்தைக்குப் பருத்தி நூலில் குல்லா பின்னித் தர ஆள் கிடைத்தால் தொடர்ந்து வாங்கிக்கொள்வேன் என்று சொன்னார். மாதிரிக்கு ஒரு குல்லா கேட்டார். அதை நம்பித்தான் இந்த மிஷினை வாங்கினோம். வெள்ளிக்கிழமை பத்து மணிக்குக் கடையைத் திறந்து, பதினொரு மணிக்கெல்லாம் சரக்கு எடுக்கத் திருப்பூர் கிளம்புகிறாராம். அதற்குள் கண்ணில் காட்ட வேண்டும். வேன்காரருக்கும் வெள்ளிக்கிழமை காலையில்தான் வருகிறேன், வரவில்லை என்று பதில் சொல்லியாக வேண்டும். ஆக, எங்கள் கையில் இருந்தது அந்த ஒரு வியாழக்கிழமை.

முதல் முயற்சியில், ஓரகத்தி வண்டியைத் தள்ளத் தள்ள, அழகாக நான்கு வரிசை விழுந்தது. ஐந்தாவது வரிசையில் பின்னல் முழுவதும் ஊசிகளை விட்டுக் கழன்று, பொத்தென்று தரையில் விழுந்தது. மறுபடி ஊசி ஊசியாக நூலைச் சுற்றினோம். மறுபடி விழுந்தது. மூன்றாம் முறை விழுந்தபோது அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"இன்னா சிரிப்பு வேண்டியிருக்குது இப்போ?" என்றேன்.

"இல்லக்கா, கோழி முட்ட போடற மாதிரியே போடுது."

புத்தகத்தில் ஒரு படத்தை உற்றுப் பார்த்ததில், பின்னலுக்கு அடியில் சீப்பு ஒன்றைக் கோத்து அதில் எடை தொங்கவிட வேண்டும் என்று தெரிந்தது. சீப்பும் எடையும் நாங்கள் பிரிக்காமலே வைத்திருந்த அட்டைப்பெட்டியில் இருந்தன. பெட்டியைப் பிரித்தவள் அவள். அடியில் கிடந்ததைப் பார்க்காமல் மூடியவளும் அவள்தான். நானே எடுத்து மாட்டினேன்.

இப்போது பின்னல் விழவில்லை. ஆனால் நூல் அறுந்தது.

முன்கட்டில் தறி ஓட்டிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரருக்கு இதெல்லாம் காதில் விழுந்துகொண்டே இருந்தது. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, தறிக்குழியிலிருந்து எழுந்து காலைத் துடைத்துக்கொண்டு வந்தார். மிஷினுக்கு மேலே நின்ற கம்பி வழியாக நூல் இறங்குவதைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தார்.

"நூலு இப்டி தொய்ஞ்சிக்கினு இருந்தா துணி எப்டிம்மா வரும்? பாவுன்னா வெறப்பா நிக்கணும். தொட்டா வீணை மாதிரி பேசணும்."

"இது பாவு இல்ல மாமா," என்றாள் ஓரகத்தி. பாவு என்பது தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டும் இழை.

"எதுவா இருந்தா இன்னா, நூலு நூலுதான," என்று சொல்லிவிட்டு, நூலை இறுக்கும் திருகைக் கடைசி வரை திருகிவிட்டுத் தறிக்குப் போய்விட்டார். இந்த வீட்டில் மூன்று தலைமுறையாகப் பட்டு நெய்கிறார்கள். நூல் விஷயத்தில் அவர் சொன்னதை மறுத்துப் பேச எனக்கும் தோன்றவில்லை. அதன் பிறகு வரிசைக்கு ஒரு முறை நூல் அறுந்தது. முடிச்சுப் போட்டு முடிச்சுப் போட்டு, பின்னல் முழுக்க வேர்க்குரு வந்தது போல ஆனது.

இந்த இடத்தில்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. நூல் அறுந்தால் என்ன செய்வோம்? கஞ்சி போடுவோம். எங்கள் தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி போடுவதைப் பார்த்து வளராத பெண் கிடையாது. பட்டுக்கே பலம் கொடுக்கிற கஞ்சி இந்தப் பருத்தி நூலுக்குக் கொடுக்காதா? ஓரகத்தி சந்தேகமாகப் பார்த்தாள். "வீடியோல யாரும் கஞ்சி போடலியேக்கா," என்றாள். வீடியோவில் வருகிறவர்களுக்குக் கஞ்சியைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டேன்.

வேலை என்று இறங்கினால் நான் ஒழுங்காகச் செய்வேன். அரிசிக் கஞ்சியை நீர்க்கக் காய்ச்சி, ஆறவைத்து, மெல்லிய துணியில் இரண்டு முறை வடிகட்டினேன். நூலைச் சிட்டமாக, அதாவது தளர்வான பெரிய வளையமாக, சுற்றி எடுத்து, கஞ்சியில் தோய்த்துப் பிழிந்தேன். வெளியே மழை மூட்டமாக இருந்ததால் உள்ளே கொடி கட்டி ஃபேனுக்கு அடியில் உதறி உதறிக் காயவைத்தேன். பிறகு ராட்டையில் போட்டுத் திரும்பவும் சுற்றினேன். மதியச் சாப்பாடு முடிந்ததும் மிஷினில் கோத்து, வண்டியை நானே தள்ளினேன்.

நூல் அறுந்துபோகவில்லை. ஏழெட்டு வரிசை கம்பீரமாக இறங்கியது. தொட்டுப் பார்த்தால் அப்பளம் போல விறைப்பாக இருந்தது. பச்சைக் குழந்தையின் தலையில் இதை எப்படி வைப்பது என்ற கேள்வி எனக்கு அந்த நேரம் வரவே இல்லை. அறுபடாமல் வருகிறதே என்ற பெருமையில் இருந்தேன். அடுத்த முறை தள்ளும்போது வண்டி நடுவழியில் நின்றது. பலம் கொடுத்துத் தள்ளினேன். உள்ளே நறுக்கென்று ஒரு சத்தம் கேட்டது.

ஒரு ஊசி வளைந்திருந்தது. குனிந்து பார்த்தால், ஊசிகளின் நாக்கெல்லாம் கஞ்சிப் பசையில் ஒட்டிக்கொண்டு, திறக்கவும் மாட்டேன், மூடவும் மாட்டேன் என்று நின்றன. வண்டியின் அடியில் இருந்த சின்னச் சக்கரங்களிலும் வெள்ளை வெள்ளையாகக் கஞ்சி.

முன்கட்டிலிருந்து குரல் வந்தது. "இன்னாம்மா, கஞ்சி பத்தலியா?"

 நான் பதில் சொல்லியிருந்தால் அன்றைக்கு அவருக்கு ராத்திரிச் சோறு கிடைத்திருக்காது.

ஓரகத்தி என்னைக் கோபித்துக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன். கோபித்திருந்தால் தேவலை. அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, கையில் போனை எடுத்து எதையோ தேடினாள்.

"யாருக்குடி போன் பண்ற?"

"வேன் அண்ணனுக்குக்கா. வரேன்னு இப்பவே சொல்லிடறேன். அவரும் எத்தினி நாளுக்குக் காத்துக்கினு இருப்பாரு."

"நாளைக்குக் காலைல வரிக்கும் டைம் இருக்குது. வையி போன."

கொஞ்சம் அதட்டலாகவே சொல்லிவிட்டேன். அவள் போனைக் கீழே வைத்தாள். நான் என் போனை எடுத்து வாலாஜாபாத் அம்மாவைக் கூப்பிட்டேன். மிஷின் நின்றுவிட்டது என்று சொன்னேன். என்ன செய்தீர்கள் என்று கேட்டார். மென்று விழுங்கித்தான் சொன்னேன்.

"கஞ்சியா?" என்றார்.   "ஏம்மா, என் கல்யாணத்துக்கு முன்னாடிலேருந்து ஓட்டின மிஷின் அது. அதுக்குப் போய் கஞ்சி ஊத்துனீங்களா?"

"ஊத்தலைங்கம்மா. நூலுக்குத்தான் போட்டோம். அறுந்துக்கினே இருந்துது."

"இறுக்கி வச்சா அறுந்துதான் போகும். இதுல நூல் கூப்பிட்டா தானா வரணும், இழுத்துக்கிட்டு வரக்கூடாது. மெழுகுவத்தி மேல நூலை உரசி விடுங்க, வழுக்கிக்கிட்டு வரும். ஊசியெல்லாம் கழட்டி வெந்நீர்ல போடுங்க. தொடச்சி, நல்லாக் காயவச்சி, தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு தொட்டு வைங்க. போதும்." கடைசியில் கொஞ்சம் குரலைத் தணித்து, "சக்கரத்தை ஈரத்துணியால மெதுவாத் தொடைங்கம்மா," என்றார். கட்டிக்கொடுத்த பெண்ணைப் பற்றிச் சம்பந்தி வீட்டில் சொல்வது போலத்தான் இருந்தது.

ஊசிகளைப் பிடித்து வைத்திருந்த நீளப் பட்டையை உருவினால் அவை ஒவ்வொன்றாகக் கழன்று வந்தன. பாய் விரித்து, அதில் பேப்பர் விரித்து, கழற்றிய வரிசையிலேயே அடுக்கி, பத்துக்கு ஒன்றாக நம்பர் எழுதிக்கொண்டு வந்தேன். தறியில் ஒரு இழை இடம் மாறினாலும் சேலை முழுவதும் காட்டிக்கொடுத்துவிடும். எனக்குப் பழகியது அந்த ஒழுங்குதான். ஓரகத்தி வெந்நீர் பேசினைக் கொண்டுவந்து வைத்தாள். நான் திரும்பிப் பார்ப்பதற்குள் மொத்த ஊசிகளையும் இரண்டு கையாலும் அள்ளி உள்ளே போட்டாள்.

"அடியே, வரிசையா வச்சிருந்தேனே."

"எல்லாம் ஒரே ஊசி தானக்கா. இதுக்கெல்லாம் நட்சத்திரம், ராசி பாத்தா உக்கார வப்ப?"

 முகத்தைத் திருப்பிக்கொண்டு ஊசிகளைத் துடைத்தேன். அவள் சொன்னது சரி, எந்த ஊசியும் எந்த இடத்திலும் பொருந்தியது. அது இன்னும் எரிச்சலாக இருந்தது. வளைந்த ஊசிக்குப் பதிலாக, பயன்படாமல் கிடந்த ஓரத்து ஊசியைக் கழற்றி மாட்டினோம். அவள் மகள் பள்ளியிலிருந்து வந்து, பால் குடித்து, பாடம் எழுதி முடிக்கும்போது மிஷின் பழையபடி மேஜைமேல் நின்றது.

இந்த முறை திருகைத் தளர்த்திவிட்டேன். கஞ்சி படாத நூலை மெழுகுவத்தியில் உரசி விட்டுக்கொண்டே நான் நிற்க, அவள் வண்டியைத் தள்ளினாள். என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "இவ்ளோ தொய்வா வுட்டா மீன் புடிக்கத்தான் ஆவும்," என்று சொல்லிவிட்டு, பார்க்கச் சகிக்காமல் டீ குடிக்கப் போய்விட்டார்.

நூல் தானாக வந்தது. அவள் தள்ளுவதில் நான் செய்தது போன்ற முரட்டுத்தனம் இல்லை. குழந்தையின் முதுகைத் தடவுவது போல ஒரே சீராகப் போய் வந்தாள். நடுவில் ஒரு கண்ணி, அதாவது பின்னலின் ஒரு நூல் வளையம், ஊசியை விட்டுப்போய் ஏணி மாதிரி இறங்கியது. ஓரத்தில் சும்மா இருந்த இன்னோர் ஊசியைக் கழற்றி, அதால் கண்ணியைக் கொக்கி போட்டு மேலே ஏற்றினாள். துண்டு முடிந்ததும் உச்சியைச் சுருக்கி, ஓரத்தைத் தைத்து, ஒரு சின்னச் செம்பைக் கவிழ்த்து அதற்கு மாட்டிவிட்டாள். குல்லாதான். யார் பார்த்தாலும் குல்லா என்றுதான் சொல்வார்கள்.

ஆனால் கண்ணி விட்ட இடம் லேசாகக் கோணியிருந்தது. விளிம்பு ஒரு பக்கம் அலையடித்தது. இரண்டையும் நான் அவளுக்குக் காட்டினேன். காலையில் சீக்கிரம் எழுந்து இன்னொன்று பின்னலாம் என்றேன். வேன்காரரிடம் மத்தியானம் வரைக்கும் தவணை கேட்கலாம். கடைக்காரம்மா என்ன சொல்கிறார் என்று பார்த்துக்கொண்டு பதில் சொல்லலாம் என்றும் சொன்னேன். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினாள். நானும் அப்படியே ஆகும் என்று நம்பித்தான் படுத்தேன்.

மறுநாள் காலை நான் அடுப்பைப் பற்ற வைப்பதற்கு முன்பே கொல்லைப் படியில் அவள் குரல் கேட்டது. முதல் வேலையாக அவள் வேன்காரருக்குப் போன் செய்துகொண்டிருந்தாள்.

"நா வரலீங்கண்ணா. வேற ஆள் பாத்துக்கங்க. இல்லண்ணா, வூட்லயே வேல கெடச்சிடுச்சி."

என்ன வேலை கிடைத்தது? குல்லா இன்னும் செம்பின் மேல்தான் இருந்தது. கடை திறக்க நான்கு மணி நேரம் இருந்தது. எதையும் கையில் வாங்கிப் பார்த்த பிறகே சரி என்று சொல்லும் பழக்கம் உள்ளவள் நான். பாத்திரத்தை நங்கென்று வைத்து என் எரிச்சலைக் காட்டினேன். இப்போது பின்கட்டில் அவள் கடைக்காரம்மாவுக்குக் குல்லா பின்ன வண்டியைத் தள்ளும் சத்தமும் முன்கட்டில் தறிச் சத்தமும் சேர்ந்து கேட்கும்போதெல்லாம், அன்று அவள் என்னைக் கேட்டிருந்தால் கொஞ்சம் பொறு என்றுதான் சொல்லியிருப்பேன் என்பதும், அவள் கேட்காமல் விட்டது எவ்வளவு நல்லது என்பதும் சேர்ந்தே நினைவுக்கு வருகின்றன.