குளிர் அறை வாசலில் என் செருப்பு

வீட்டு பிரிட்ஜில் மோர் எடுக்கும்போதுகூட நான் கதவுக்கு முழங்காலை முட்டுக் கொடுத்துக்கொண்டுதான் எடுப்பேன். "உள்ள போயி உக்காரவா போறீக?" என்பாள் மனைவி. என் உடம்பில் பாதிகூட அந்தப் பெட்டிக்குள் நுழையாது என்பது எனக்குத் தெரியும். முழங்காலுக்குத்தான் தெரியாது.

கம்பம் ஊரில் திராட்சையைத் தரம் பிரித்து, பெட்டி கட்டி, குளிரூட்டி வெளியூருக்கு அனுப்பும் ஒரு சின்ன கம்பெனியில் நான் குளிர் அறைப் பொறுப்பாளர். பொறுப்பாளர் என்றால் பெரிதாக எண்ண வேண்டாம். அறை சூடாகிவிட்டால் திட்டு வாங்குகிறவர் என்று பொருள். ஆரம்பத்தில் ஒரு தகரக் கொட்டகை, ஒரு குளிர் அறை, ஒரு பழைய வேன், விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள். இப்போது இரண்டு கொட்டகை, பேக்கிங்குக்குப் பெண்கள் கூட்டம், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து என்ன செய்கிறார்கள் என்றே தெரியாத இரண்டு பேர்.

முதலாளி ஒரு திராட்சைத் தோட்டத்துக்காரர் மகள். இன்ஜினீயரிங் படித்தவர். என்னைவிட வயதில் சின்னவர் என்றாலும் கம்பெனி மொத்தத்துக்கும் அவர் அக்கா, எனக்கும் அக்கா. அவர் என்னை அண்ணே என்பார். இந்த உறவுமுறையை யாரும் ஆராய்ந்ததில்லை.

எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. குளிர் அறைக்குள் போகிறவர் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொள்ள வேண்டும். வாசலில் செருப்பு கிடந்தால் உள்ளே ஆள் இருக்கிறது; கதவைச் சாத்தக்கூடாது, லைட்டை அணைக்கக்கூடாது. லைட் சுவிட்ச் வெளியேதான். யாரும் எழுதி ஒட்டாத சட்டம் இது. ஆள் கொஞ்சமாக இருந்த காலத்தில் செருப்பைப் பார்த்தே, "டிரைவர் உள்ள இருக்காரு" என்று சொல்லிவிடுவோம். தீபாவளி நெருக்கடியில் கதவின் உள்பக்கக் கைப்பிடி உடைந்தபோதுகூட, "அதான் செருப்பு இருக்குல்ல, பொங்கல் கழிச்சு மாத்திக்கலாம்" என்று விட்டுவிட்டோம். விட்டுவிட்டோம் என்ற பன்மைக்குள் நான் ரொம்ப நன்றாக ஒளிந்துகொள்வேன்.

அந்த வருடம் நல்ல ஓட்டம். வருடக் கடைசி நாளில் கொண்டாட வேண்டும் என்றார் அக்கா. சாயங்காலமே வைத்துக்கொள்வது என்று முடிவானது. பேக்கிங்குக்கு வரும் ராயப்பன்பட்டிப் பெண்களுக்கு இரவு மாதா கோவிலில் புத்தாண்டுப் பூசை இருக்கிறது. மறுநாள் விடியலில் கொச்சி லோடு வேறு. எங்களுக்குக் கிடைத்த ஆர்டர்களிலேயே பெரியது. அறை நிறையப் பெட்டிகள்.

கொண்டாட்டம் என்றால் ஒரு கோமாளி வேண்டுமே. கம்பெனியில் அந்தப் பதவி மட்டும் போட்டியில்லாமல் எனக்குத்தான். கிறிஸ்துமஸ் தாத்தா வேடத்தில் குளிர் அறைக்குள்ளிருந்து புகையோடு வெளியே வருவது என்று திட்டம் போட்டேன். பனி நாட்டுத் தாத்தா குளிருக்குள்ளிருந்து வருவதுதானே முறை? உடுப்பை ராயப்பன்பட்டியிலிருந்து கொண்டுவந்து கொடுத்தவர் பேக்கிங் பிரிவு மதினி. எந்தச் சொந்தமும் இல்லை. அவர் என்னைக் கொழுந்தனாரே என்பதால் எனக்கு மதினி.

"வயித்துக்குத் தலகாணி வேணுமே கொழுந்தனாரே."

"இருக்குறது பத்தாதா?"

"தாத்தாவுக்குத் தொப்பை முன்னால இருக்கணும். உங்களுக்குச் சுத்தி இருக்கு."

பழப்பெட்டிக்குப் போடும் குமிழ் பிளாஸ்டிக் தாளைச் சுருட்டி வயிற்றில் கட்டிவிட்டார். எங்கிருந்து வரப்போகிறேன் என்பதை மட்டும் அவரிடம் சொல்லவில்லை. அது வேன் டிரைவருக்கு மட்டும்தான் தெரியும். உத்தமபாளையத்து ஆள், பாய் வீடு. எனக்கு அவர் மாமா, அவருக்கு நான் மாப்பிள்ளை. அக்கா பேசி முடித்ததும் பாட்டுப் போடுவார்கள்; மாமா கதவைத் திறக்க வேண்டும்; நான் குதிக்க வேண்டும். அவ்வளவுதான்.

ஆபீஸ் அறையில் வேடம் போட்டேன். போனை சைலண்டில் வைத்து, கழற்றிய பேண்ட் பையிலேயே விட்டேன். தாத்தாவுக்குப் பாக்கெட் கிடையாது. யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து, குளிர் அறை வாசலில் செருப்பைக் கழற்றி, பூட்ஸை மாட்டி, லைட்டைப் போட்டு, கதவை ஒருக்களித்து வைத்துவிட்டு உள்ளே போனேன். பெட்டிகளுக்குப் பின்னால் நின்று, வெளியே வந்ததும் எப்படிச் சிரிப்பது என்று ஒத்திகை பார்த்தேன்.

வெளியே அதற்குள் நடந்தது எனக்குப் பிறகுதான் தெரியும். தரையில் புதுக் கம்பளம் விரித்ததால் எல்லாரும் செருப்பைக் கழற்றச் சொல்லிவிட்டார்கள். கொட்டகை முழுக்கச் செருப்பாகக் கிடக்க, போட்டோவில் அசிங்கமாக விழும் என்று மதினி மொத்தத்தையும் ஒரு சாக்கில் அள்ளி கேட் பக்கம் கொண்டுபோய்க் கொட்டினார். என்னுடையதும் அதில் போயிற்று. யாருடையது எது என்று பார்த்துத் தெரிந்துகொள்கிற காலம் எப்போதோ முடிந்துவிட்டதே. அடுத்து அக்கா மாமாவைக் கூப்பிட்டு, பிரியாணி அண்டாவை எடுத்துவர உத்தமபாளையத்துக்கு அனுப்பினார். போகிற வழியில் மாமா குளிர் அறையைப் பார்த்தார். கதவு ஒருக்களித்திருக்கிறது, லைட் எரிகிறது, வாசலில் செருப்பு இல்லை. 'மாப்ள இன்னும் வேசம் கட்டி முடிக்கல. எவனோ தொறந்து போட்டுப் போயிருக்கான்' என்று நினைத்து, நல்ல வேலைக்காரராகக் கதவை அழுத்திச் சாத்தி, லைட்டை அணைத்துவிட்டுப் போனார்.

உள்ளே இருந்த எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு 'டப்'. பிறகு இருட்டு.

முதலில் சிரித்தேன். மாமா விளையாடுகிறார் என்று நினைத்தேன். "மாமா, சும்மா இரு, பயந்துட்டேன், போதும்" என்றேன். காற்றாடிகளின் இரைச்சல் மட்டும் பதில் சொன்னது. தடவித் தடவிக் கதவுக்கு வந்து கைப்பிடி இருந்த இடத்தில் கை வைத்தேன். இரண்டு ஓட்டைகள் இருந்தன. பொங்கல் கழிச்சு.

தட்டினேன். பூட்ஸால் உதைத்தேன். குளிர் வெளியேறாமல் உள்ளே பஞ்சு அடைத்த கனத்த சுவரும் கதவும். அந்தப் பக்கம் ஆள் உயர ஸ்பீக்கர்கள். கத்தினால் குரல் என் தாடிக்குள்ளேயே சுற்றியது. அப்போதுதான் கணக்கு என்னைப் பிடித்தது. மாமா கொஞ்ச நேரத்தில் வந்து திறப்பார். திறக்கவில்லை என்றால்? எல்லாரும் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போவார்கள். என்னைக் காணோம் என்று தேடுவார்களா? "அவரா, ஊர் சுத்தக் குமுளிப் பக்கம் போயிருப்பாரு" என்பார்கள். மனைவிக்கு? கம்பெனியில் கொண்டாட்டம், நேரமாகும் என்று நானே சொல்லியிருக்கிறேன். விடியலில் கொச்சி லோடு ஏற்ற வருகிறவர்கள் கதவைத் திறப்பார்கள். பெட்டிகளோடு பெட்டியாக, சிவப்பு உடுப்பும் பஞ்சுத் தாடியுமாக விறைத்துக் கிடப்பேன். அப்போதும் எவனாவது சிரிப்பான். அதுதான் எனக்கு அதிகம் பயமாக இருந்தது. நான் செத்துக் கிடந்தாலும் நடிக்கிறேன் என்றுதான் நினைப்பார்கள்.

விரல்கள் மரத்தன. காது இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தேன். தொடுகிற விரலுக்கும் தெரியவில்லை, காதுக்கும் தெரியவில்லை. நடந்தேன். பெட்டியில் இடித்துக்கொண்டேன். உட்காரக் கூடாது என்று மட்டும் தெரியும்.

அப்போது ஞாபகம் வந்தது சென்சார். அறையின் குளிரை அளக்கிற, சுண்டுவிரல் அளவுள்ள ஓர் உலோகக் குச்சி. உள்சுவரில் ஒயரில் தொங்கும். அறை சூடானால், கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, வெளிச்சுவரில் உள்ள கன்ட்ரோல் பெட்டி தானாகப் போன் போடும். ஒரு பெண் குரல், "அறையின் வெப்பநிலை உயர்ந்துள்ளது" என்று கொஞ்சலாகச் சொல்லும். ஒருநாள் அதிகாலையில் அந்தப் போனை என் மனைவி எடுத்துவிட்டு, யாருடைய அறை, என்ன வெப்பநிலை என்று என்னை நிற்கவைத்து விசாரித்தது தனிக் கதை.

சுவரைத் தடவிப் போய்ப் பெட்டிமேல் ஏறி ஒயரைப் பிடித்தேன். குச்சியை வாயருகே வைத்து ஊதினேன். போதாது. சட்டைப் பொத்தானைக் கழற்றி, ஆஸ்பத்திரியில் காய்ச்சல் பார்ப்பதுபோல அக்குளில் வைத்து இறுக்கினேன். ஐஸ் ஊசி போல இறங்கியது.

சற்று நேரத்தில் சுவருக்கு அப்பால் 'கடகட' என்று கம்ப்ரஸர் உயிர்பெற்றது. காற்றாடி வழியாகப் புதுக் குளிர் முகத்தில் அறைந்தது. அந்த நொடியில்தான் என் புத்திசாலித்தனத்தின் மறுபக்கம் விளங்கிற்று. அறை சூடாகிவிட்டது என்று மெஷின் நம்பிவிட்டது. நம்பினால் அது என்ன செய்யும்? குளிரூட்டும். என் அக்குள் ஆறுகிறவரை குளிரூட்டும். ஆறினால்தான் நிறுத்தும்.

குச்சியை எடுத்துவிட்டால் குளிர் ஏறாது. ஆனால் போன் போகாது. வைத்திருந்தால் போன் போகும். அதற்குள் நான் போய்விடலாம். இருட்டில் பெட்டிமேல் உட்கார்ந்து, கையை எடுக்கவும் பயம், வைத்திருக்கவும் பயம். ஒரு முறை எடுத்துவிட்டேன். கம்ப்ரஸர் நின்ற அமைதி எவ்வளவு சுகமாக இருந்தது தெரியுமா? அந்தச் சுகத்தில் கண் சொருகியது. அந்தச் சொருகல்தான் என்னை உலுக்கியது. திரும்பவும் குச்சியை அக்குளில் செருகி, இரண்டு கையாலும் என்னை நானே கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

போன் முதலில் யாருக்குப் போகும் என்பது பிறகு நினைவு வந்தது. பொறுப்பாளருக்கு. அதாவது பேண்ட் பையில், சைலண்டில் கிடக்கிற எனக்கு. எனக்கு அடித்து அடித்து அலுத்த பிறகுதான் அக்காவுக்கு. இருட்டில் எனக்குச் சிரிப்பு வந்தது. பல் அடித்துக்கொண்டதில் அது சிரிப்பாக வெளியே வரவில்லை.

அக்காவின் போன் அப்போது மதினி கையில் இருந்தது, போட்டோ எடுக்க. "எடுக்கையில எல்லாம் என்னமோ நம்பர் குறுக்க வந்துச்சு கொழுந்தனாரே. கட் பண்ணிவிட்டேன்" என்றார் பிறகு. நான் கதவைத் தட்டியதும் அவர் காதில் விழுந்திருக்கிறது. "பாட்டுல தாளம் தப்புதேன்னு நெனச்சேன்." அடுத்த தடவை அடித்தபோது எரிச்சலாகி, பேசிக்கொண்டிருந்த அக்காவிடமே நீட்டியிருக்கிறார்.

அந்தப் பேச்சின் வீடியோ எங்கள் எல்லார் போனிலும் இருக்கிறது. "நம்ம கம்பெனி எவ்வளவு வளந்தாலும் குடும்பந்தான். யாரு எங்கன இருக்காக, என்ன செய்றாகன்னு நமக்குத் தெரியும்" என்கிறார் அக்கா. போனை வாங்கிக் காதில் வைக்கிறார். முகம் மாறுகிறது. கொச்சி லோடு என்று நினைத்திருப்பார். மைக்கைப் போட்டுவிட்டு ஓடுகிறார்; கூட்டமும் பின்னால் ஓடுகிறது. அதற்குமேல் நான் பார்த்ததில்லை. அதற்கு முன்னாலும், பாட்டுக்கு நடுவில் 'தொம் தொம்' என்று ஒன்று கேட்கும் இடத்தில், சத்தத்தைக் குறைத்துவிடுவேன்.

கதவு திறந்தது. வெளிச்சம் கண்ணைக் குத்தியது. வெள்ளைப் புகைக்கு நடுவே பெட்டிமேல் கிறிஸ்துமஸ் தாத்தா.

கைதட்டல் என்றால் அப்படி ஒரு கைதட்டல். விசில். எவனோ பாட்டைப் போட்டான். வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய வரவேற்பு. நான் வாயைத் திறந்தேன். தாடை மட்டும் ஆடியது. அதற்கும் சிரித்தார்கள்.

அக்கா மட்டும் சிரிக்கவில்லை. என் அக்குளிலிருந்து சுவருக்குப் போகும் ஒயரைப் பார்த்தார். கதவின் உள்பக்கத்து இரண்டு ஓட்டைகளைப் பார்த்தார். "அண்ணே" என்றார், மிக மெதுவாக. பிறகு திரும்பி, "பாட்ட நிறுத்துங்க" என்று கத்தினார். அவர் கத்தி நான் கேட்டதே இல்லை. அவரும் மதினியுமாக என்னை இறக்கிக் கம்பளத்தில் சுற்றினார்கள். வயிற்றில் கட்டிய குமிழ்த் தாள் 'பட் பட்' என்று வெடித்தது. மதினி ஒவ்வொரு சத்தத்துக்கும் அழுதார்.

ஐயப்ப சாமிகள் வண்டிக் கூட்டத்தில் மாட்டியிருந்த மாமா பிரியாணி அண்டாவோடு அப்போதுதான் வந்து சேர்ந்தார். கம்பளத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தான் சாத்திவிட்டுப் போன கதவைப் பார்த்தார். "மாப்ள, செருப்பு இல்லயே மாப்ள" என்றபடி அண்டாவின் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"கதவு இனிமே இப்புடியே தொறந்தே கெடக்கட்டும்" என்றார் அக்கா. லோடு என்று யாரோ இழுத்தார்கள். "பழம் போனாப் போகுது. கைப்பிடி மாட்டாம இந்தக் கதவு மூடக்கூடாது." ஆள் பிடித்து, கைப்பிடி மாட்டிய பிறகுதான் பிரியாணி பரிமாறினார்கள். கொச்சிக்குப் பாதி லோடுதான் போனது. அதைப் பற்றி அக்கா இன்றுவரை என்னிடம் பேசியதில்லை.

இப்போது எங்கள் வருடக் கடைசிக் கொண்டாட்டத்தில் கேக் வெட்டுவதற்கு முன்னால் ஒரு சடங்கு உண்டு. புதிதாகச் சேர்ந்தவர்களிலிருந்து அக்கா வரை ஒவ்வொருவராகக் குளிர் அறைக்குள் போக வேண்டும். கதவைச் சாத்துவார்கள். உள்ளிருந்து தானே திறந்துகொண்டு வெளியே வர வேண்டும். புதுப் பிள்ளைகள் சிரித்துக்கொண்டே போய்ச் சிரித்துக்கொண்டே வருவார்கள். கடைசி ஆள் நான். உள்ளே என்ன செய்கிறேன் என்று கேட்காதீர்கள். கதவு மூடுவதற்கு முன்பே கை கைப்பிடியில் இருக்கும். ஆனாலும் அந்த 'டப்' கேட்டதும் அக்குள் சில்லிடும்.

வெளியே வரும்போது ஒவ்வொரு வருடமும் ஒரே காட்சி. வாசலில் என் செருப்பு. செருப்பின்மேல் இரண்டு காலையும் ஊன்றி, கையைக் கட்டிக்கொண்டு மாமா. பிரியாணி ஆறுகிறது என்று யார் கூப்பிட்டாலும் நகர மாட்டார்.

"காலை எடு மாமா, செருப்பு பிஞ்சிரும்."

"நீ மொதல்ல ரெண்டு காலையும் வெளிய வையி" என்பார்.