தண்ணீரில் ஊறிய வளையங்கள்

முத்துப்பேட்டையிலிருந்து தஞ்சாவூர் போகும் பேருந்தில் என் பக்கத்தில் உட்கார்ந்தவரின் கால்களில் முழங்கால் வரை சேறு காய்ந்திருந்தது. மடியில் தண்ணீர் நிரம்பிய டப்பா, அதற்குள் இரண்டு வெள்ளை பிளாஸ்டிக் வளையங்கள். அவற்றை அடிக்கடி எடுத்து, கையிலிருந்த இரும்புத் தண்டில் மாட்டிப் பார்த்தார். ஒன்று எளிதாகச் சுழன்றது. மற்றது நுழையவே இல்லை.

அவர் இறால் குளம் வைத்திருக்கிறார். தண்ணீரில் காற்றைக் கலக்கும் சக்கரத்தின் தண்டு இந்த வளையத்துக்குள்தான் மெதுவாகச் சுழலுமாம். அது நின்றால் இறால் மூச்சுமுட்டிச் செத்துவிடும். இருந்த இரண்டு சக்கரங்களில் ஒன்று ஏற்கெனவே நின்றுவிட்டதாம்.

“நுழையாதது நைலான். காஞ்சப்ப சரியா இருந்துச்சு, ஊறினதும் வீங்கிடுச்சு. மத்தது அசிட்டால்னு வேற பிளாஸ்டிக்கு. அதே தண்ணியிலதான் கெடக்கு, அப்படியே இருக்கு. தஞ்சாவூர் லேத்துல அதுலயே கடையச் சொல்லப் போறேன்.”

“நைலானையே கொஞ்சம் லூசாக் கடையலாமே?”

“எவ்வளவு லூசுன்னு நீங்க சொல்லுங்க. ஆடினா தேயும், இறுகினா நிக்கும்.”

செல்பேசி அடித்தது. அவர் மனைவி பேசியது எனக்கும் கேட்டது. மிச்சமிருந்த சக்கரமும் நின்றுவிட்டது, இறால் மேலே வரத் தொடங்கிவிட்டது.

“வாளியால தண்ணிய மொண்டு மொண்டு உள்ளயே ஊத்து புள்ள. வந்துடறேன்” என்றவர், எழுந்துபோய் ஓட்டுநர் அருகே நின்றுகொண்டார்.

“உட்காருங்கண்ணே, நீங்க நின்னா பஸ் வேகமாப் போயிடுமா?” என்றார் நடத்துனர்.

“உட்காந்தா பஸ்ஸு நிக்கிற மாதிரி இருக்குதுங்க.”

மன்னார்குடியில் நான் இறங்கினேன். எதிரே முத்துப்பேட்டைப் பேருந்து புறப்படத் தயாராக நின்றது. அவர் அதைப் பார்த்தார், ஆனால் இறங்கவில்லை. அவர் செய்தது சரியா என்று இன்றும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.